அம்மாவின் பிஸ்கட் ஏன் உடையவில்லை

பிப்ரவரி 3

மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கெமிக்கல் – எந்தத் துறையைச் சொன்னாலும் கடைசியில் கல்தான் வந்து நிற்கிறது. அம்மா சுடும் பிஸ்கட் மாதிரி.

முதல் வருடம் எங்கள் எல்லோருக்கும் ஒரே பாடம். மாதக் கடைசிக்குள் அவரவர் துறையைச் சொல்லிவிட வேண்டும். என் மதிப்பெண்ணுக்குக் கம்ப்யூட்டரே கிடைக்கும். இதைச் சொன்னதுதான் தாமதம், அப்பா முடிவெட்டுகிறவர் வரைக்கும் விளம்பரம் பண்ணிவிட்டார். இனி நான் வேறு எதையாவது எடுத்தால் அந்தக் கடைப் பக்கம் தலைகாட்ட முடியாமல் அவர் சடை பின்னிக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும்?

பிப்ரவரி 7

இன்று எல்லாத் துறைகளும் கதவைத் திறந்துவைத்து எங்களைக் கூவிக் கூவி அழைத்தன. கம்ப்யூட்டர் கூடத்தில் மூச்சுவிட இடமில்லை. இரும்பு, பீங்கான் என்று பொருள்களை ஆராயும் மெட்டீரியல்ஸ் கூடத்தில் கடைசி வருட அக்கா ஒருவர் தனியாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மெஷின். கீழே இரண்டு முட்டு, மேலிருந்து ஒரு அழுத்து. நடுவில் எதை வைத்தாலும் காலி.

"என்ன வேணும்னாலும் குடு, உடைச்சுக் காட்டறேன்."

பையில் அம்மாவின் பிஸ்கட் இருந்தது. நான் சும்மா இருப்பேனா?

"மெஷினுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்லக்கா."

திரையில் கோடு ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது – டப்!

"அடேங்கப்பா, ஓடு மாதிரி இருக்கே! செஞ்சது யாரு, கொத்தனாரா?"

"அம்மா."

அந்தக் கோட்டைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தார். எனக்கு உடனே ஒரு யோசனை.

பிப்ரவரி 9

அத்தை குடும்பத்தோடு வந்திருந்தார். அம்மா பிஸ்கட் டப்பாவைத் திறந்ததும் நான் எழுந்து நின்று தாளை விரித்தேன். "இதனால் சகலருக்கும் அறிவிப்பது! இப்பொருள் கூரை வேயத் தகுதியானது. பல் உள்ளவர்கள் சொந்தப் பொறுப்பில் கடிக்கவும்!"

அத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அம்மாவும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அவர் வாயில் பிஸ்கட்.

பிப்ரவரி 16

ஞாயிற்றுக்கிழமை, பிஸ்கட் சுடும் நாள். அம்மா ஓவன் பக்கமே போகவில்லை.

பிப்ரவரி 17

பிஸ்கட் டப்பாவில் ஊசி, நூல், பட்டன்.

"என்னம்மா இது?"

"சும்மாதானே கெடக்கு."

அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு ஏன் வாய் இவ்ளோ நீளம்? கூரைன்னு சொல்லணுமா? அதுவும் அத்தை முன்னாடி?

பிப்ரவரி 18

மெட்டீரியல்ஸ் அக்காவிடம் புலம்பப் போனேன். அவரோ என் பிஸ்கட் துண்டைப் பத்திரமாக வைத்திருந்தார்! உடைந்த விளிம்பை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். குட்டிக் குட்டிக் குகைகள், பாறைகள், ஒரு குகையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும் விரிசல்.

"இத எப்படி ஆற வெச்சாங்கன்னு கேட்டுட்டு வா. இரும்பும் இப்படித்தான். சூட்டோட தண்ணில முக்கினா ஒரு குணம், மெல்ல ஆறவிட்டா வேற குணம்."

அதே இரும்பா? அதே இரும்புதானாம். பார்த்துக்கொண்டே இருந்ததில் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 19

"எப்படிம்மா ஆற வெப்பே?"

"எதுக்கு, இன்னொரு தாள் படிக்கவா?"

"இல்லம்மா. நெஜமாவே தெரியணும். அன்னிக்குப் பண்ணது தப்பும்மா."

அம்மா அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அப்புறமாத்தான் வலிச்சுது."

நானும் ஒரு துணியை எடுத்து மேடையைத் துடைத்தேன். (உலக சாதனை.)

பாதி மேடை துடைத்ததும் அவரே சொன்னார். "ஓவனை அணைச்சுட்டு உள்ளயே விட்டுடுவேன். வேணும்னு இல்லடி. ஆபீஸ் கணக்கைப் பாக்க உக்காந்தா மறந்துடும்."

பிப்ரவரி 23

ஒரே மாவு, மூன்று தட்டு. ஒன்று ஓவனுக்குள்ளேயே ஆறியது, ஒன்று அலமாரியில், ஒன்று மின்விசிறிக்குக் கீழே. யோசனை என்னுடையது. ஆனால் அதே வரிசையில் முள்கரண்டியால் ஒரு ஓட்டை, இரண்டு ஓட்டை, மூன்று ஓட்டை என்று அடையாளம் குத்தியது அம்மா. "கலந்துட்டேன்னு வெச்சுக்கோ, எது எதுன்னு எவனுக்குத் தெரியும்?"

பிப்ரவரி 24

விசிறிக்குக் கீழே ஆறியது யாரும் தொடாமலே விரிசல் விட்டிருந்தது. எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்? மெஷின் பக்கத்தில் நிற்கும்போது அம்மாவின் போன், ஆபீஸிலிருந்து, ரகசியக் குரலில்: "ரெண்டு ஓட்டை என்னாச்சுடி?"

பிப்ரவரி 27

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். 

"மெட்டீரியல்ஸா? அதுல என்ன பண்ணுவாங்க?"

"எது ஏன் உடையுதுன்னு பாப்பாங்கப்பா."

"உடைக்கிறதுக்குப் படிக்கணுமா? நீ படிக்காமயே எத்தனை டம்ளர் உடைச்சிருக்கே!"

அம்மா உள்ளிருந்து வந்தார். "கம்ப்யூட்டர் கெடைக்கும்னு தெரிஞ்ச அன்னிக்கு இவ சாப்பிட்டுட்டுப் போய்த் தூங்கிட்டா. இந்த வாரம் பூரா பேசிப் பேசி என் காதே வலிக்குது. எடுக்கட்டும், விடுங்க."

"முடிவெட்டறவர்கிட்ட நான் என்ன சொல்றது?" அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

பிப்ரவரி 28

மெட்டீரியல்ஸ் என்று கொடுத்துவிட்டேன். அப்பாவின் முடி காதை மூடிவிட்டது.

மார்ச் 9

ஊசி நூல் எல்லாம் ஒரு பழைய தகர டப்பாவுக்குக் குடிபோய்விட்டன. பிஸ்கட் டப்பா நிறைய இரண்டு ஓட்டை – அலமாரியில் ஆறியது, மெஷினில் சீக்கிரம் உடைந்தது. "இது திங்கறதுக்கு. மெஷின் பக்கம் கொண்டு போனே, தொலைச்சுடுவேன்" என்றார் அம்மா. இப்போதும் கொஞ்சம் கடினம்தான். சொல்லவில்லை.

மத்தியானம் அப்பா வெளியே போய், பளிச்சென்று முடி வெட்டிக்கொண்டு வந்தார். என் மேஜைமேல் காகிதப் பொட்டலம் ஒன்றை வைத்தார். உள்ளே கத்தரிக்கோல். திருகாணிப் பக்கத்தில் ஒரு கைப்பிடி உடைந்திருந்தது.

"முடிவெட்டறவரோடது. புதுசாம், ஏன் உடைஞ்சுதுன்னே தெரியலையாம். என் பொண்ணு அந்தத் துறைதான், பார்த்துச் சொல்லுவான்னு சொல்லிட்டேன்."

"அப்பா! அந்தத் துறையில இன்னும் ஒரு கிளாஸ்கூட ஆரம்பிக்கல!"

"பொறுமையா சொல்லு. என் முடி வளர ஒரு மாசம் ஆகும்."

போகிற போக்கில் என் மேஜை விளக்கைப் போட்டுவிட்டுப் போனார்.