பதினொரு தாள்களில் பதினான்கு

பெரம்பலூர்
17.6.2025

அன்புள்ள வினோதினிக்கு,

நலம்தானே? போனில் பேசினால் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். கல்லூரி நாளிலிருந்தே எனக்கு இந்தக் கோளாறு உண்டு. அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை அரியலூருக்கு வந்து உன் அபாகஸ் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்தேன் அல்லவா? நான் எண்களைச் சொல்லச் சொல்ல அவர்கள் மணியைத் தள்ளி விடை எழுதவேண்டும். ஐந்தாவது கணக்கு: ஆறு, கூட்டு இரண்டு, கழி மூன்று, கூட்டு ஒன்பது. விடை பதினான்கு. ஆனால் என் கண் மேல்வரிக்குத் தாவி, கடைசியில் ஒன்பதுக்குப் பதில் மூன்று என்று படித்துவிட்டேன். எனக்கே அது தெரியவில்லை. திருத்தும்போது சண்முகப்பிரியாவுக்கு மட்டும் தப்பு போட்டேன். அந்தக் குழந்தை மேசைக்கு வந்து, "கடைசியில மூணுன்னுதானே மிஸ் சொன்னீங்க? அப்ப எட்டுதானே வரும்?" என்றாள்.

மற்ற பதினொரு தாள்களிலும் பதினான்கு. நான் சொல்லாத எண்ணுக்கு அவர்கள் எப்படி விடை எழுதினார்கள், வினோ?

மாதக் கடைசியில் தாள்களை நம் அபாகஸ் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். அதற்குள் எனக்குப் பதில் வேண்டும்.

அன்புடன்
ஜெயசித்ரா


அரியலூர்
20.6.2025

அன்புள்ள ஜெயா,

நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கவேண்டியவள்.

உன் மகன் காதுகுத்துக்கு வந்து இரண்டு நாள் தங்கினேனே, அப்போது கேள்வித்தாள் உன் பீரோ மேல் கிடந்தது. போனில் படம் எடுத்தேன். பதினைந்து நாள் அதே கணக்குகளைச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாக்கினேன். சண்முகப்பிரியா அம்மை போட்டு அந்தப் பதினைந்து நாளும் வரவில்லை. போதுமா?

கேட்பது உனக்குச் சுலபம். மூன்று மாதமாச்சு, இன்னும் மணியைத்தான் தள்ளுதா என்று பெற்றோர் வாசலில் நின்று கேட்கிறார்கள். தேர்வில் பாதிப் பேர் விழுந்தால் வகுப்பு காலி. மீன்சுருட்டியில் இருக்கும் மாமியார் ஒரு வருடம்தான் கெடு கொடுத்திருக்கிறார். "வகுப்பு நிக்கலன்னா மீன்சுருட்டிக்கே வந்துடணும். கொல்லையில களை மண்டிக் கெடக்கு" என்று என் வீட்டுக்காரர் முன்னாலேயே சொன்னார். நான் பி.எஸ்சி. கணிதம் படித்தது அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ மேலே எழுதிப் போட்டால், தாள் உன் வீட்டில் திறந்து கிடந்தது என்று நானும் சொல்லவேண்டி வரும்.

வினோதினி


பெரம்பலூர்
23.6.2025

வினோ,

உன் கடைசி வரியைப் படித்த அன்று நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. வீட்டில் கேட்டதற்குத் தலைவலி என்றேன். கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். நிறைய இருக்கிறது.

தாள் என் வீட்டில்தான் வெளியே கிடந்தது. தலைமை அலுவலகத்துக்கு எழுதும்போது அதை முதல் வரியிலேயே நான் எழுதுகிறேன். இங்கே நான் நடத்தும் வகுப்பையும் மூடச் சொன்னால் மூடுகிறேன். ஆனால் முப்பதாம் தேதிவரை பொறுக்கிறேன். அதற்குள் உன் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு புதுக் கணக்கை நீயே சொல்லிப் பார்.

ஜெயா


அரியலூர்
27.6.2025

ஜெயா,

சொல்லிப் பார்த்தேன். ஏழு, கூட்டு ஒன்று, கழி இரண்டு. அந்தப் பதினொரு பேரில் ஒருவரும் மணியில் கை வைக்கவில்லை. விடையை எப்போது சொல்வேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள். எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் பெற்றோரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். ஒரு அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். எட்டுப் பேர் நின்றுவிட்டார்கள், நான்கு பேர் இருக்கிறார்கள். தலைமை அலுவலகத்துக்கும் எழுதிவிட்டேன். திருடியது நான், ஜெயசித்ராவுக்கு எதுவும் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். உன்னை மிரட்டியதற்கு மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக மீன்சுருட்டிக்குப் போகிறேன். அந்த நான்கு பேருக்கு வாரம் ஒரு நாளாவது நீ வந்து சொல்லிக்கொடு. பஸ்ஸில் ஒரு மணி நேரம்தானே. முதலிலிருந்து, ஒற்றை மணி தள்ளுவதிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். வகுப்பறைச் சாவி கீழே தையல் கடை வைரக்கண்ணு அக்காவிடம் இருக்கும்.

அன்றைக்கே வருவதாக இருந்தால் மதியத்துக்கு மேல் வா. அதற்கு முன்னால் வந்தால் நான் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பேன். உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

வினோதினி