திறக்காத சன்னல்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

மின்சாரமில்லாமல் வீட்டைக் குளிர வைக்கக் கற்றுத்தரும் தச்சு வகுப்பில் நான் செய்த முதல் சன்னல், மூச்சிரைப்புள்ள அப்பாவின் அறையில் இருக்கிறது. இடுக்கே தெரியாமல் பொருத்தியதற்காகக் கோடையில் சான்றிதழ் கொடுத்தார்கள். இன்று மழைக்குச் சாத்தினேன். வேப்பம் பலகை உப்பிவிட்டது, திறக்க முடியவில்லை. மின்சாரம் போய் மின்விசிறியும் நின்றுவிட்டது.

“சன்னலாத்தா இது? பெட்டகம்ல செஞ்சு வச்சிருக்க!” என்றார் அப்பா, மூச்சு வாங்க.

“மரம் உப்பும்னு இடம் விட்டிருக்கணும்ப்பா.”

“அப்பறம் எதுக்குத்தா பரிசு குடுத்தாக?”

“இடம் விடாததுக்குத்தான்.”

சிரிக்கப் போனவருக்கு இருமல் வந்துவிட்டது. சுத்தியலால் தட்டியும் பலகை அசையவில்லை. விடிந்ததும் இழைக்க வேண்டும். அதுவரை அந்தச் சான்றிதழால்தான் விசிறுகிறேன். லேமினேட் செய்தது, நல்ல காற்று வருகிறது. அப்பா கண்ணயர்ந்துவிட்டார். இடது கையால் விசிறிக்கொண்டே எழுதுகிறேன். நிறுத்தினால் இருமுகிறார்.