ஏழில் விழு

எட்டு இல்லை பாப்பா, ஏழு. எட்டாவது எண்ணுக்குள் மூச்சு தீர்ந்துபோகிறதே அம்மா, எட்டுதானா என்று நீ போனில் கேட்டபோது எட்டுதான் என்றேன், அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்தும் விட்டேன். அடுப்பில் பால் இல்லை. நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முனகும். உன் கழுத்தும் முதுகும் ஒரு குறையில்லாமல் இருக்க வேண்டும், இந்த வாரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் எழுதுகிறேன், அப்பா இதைப் படம் பிடித்து அனுப்புவார். திங்கட்கிழமை அந்த ஆட்டத்தில் நாற்காலியிலிருந்து விழுவதை ஒத்திகை பார்ப்பதாகச் சொன்னாய். அதற்குள் படித்துவிடு.

உங்கள் குழுவில் எல்லோரும் போட்டுப் போட்டுப் பார்க்கும் அந்தப் படத்தில் நாற்காலிமேல் நிற்பது நான். அது உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவைத்திருந்தாய். அதில் நான் செய்தது தப்பு. அது உனக்குத் தெரியாது. எங்களுக்கு ஆட்டம் சொல்லித்தந்த அக்கா எதையும் எழுதிவைக்க மாட்டார். அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கதை இல்லாமல், நகை இல்லாமல், வீட்டு உடுப்பில் ஒரே ஒரு நாற்காலியோடு எங்களுக்குத் தெரிந்து முதலில் ஆடியவர் அவர். முதல் காட்சியில் பாதிப் பேர் எழுந்து போனார்கள், மீதிப் பேருக்குக் கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆட்டம் உடம்பிலிருந்து உடம்புக்குத்தான் போக வேண்டும், காகிதத்துக்குப் போனால் செத்துப்போகும் என்பார். நாங்கள் ஒருவர் முதுகில் ஒருவர் கை வைத்து, மூச்சை எண்ணிக் கற்றோம். ஏழில் வெளிமூச்சு தொடங்கும். அதோடு உடம்பு நாற்காலியிலிருந்து பின்னால் சாயும், பின்னால் நிற்கிற இருவரும் அதே ஏழில் ஓரடி முன்னால் வைப்பார்கள். உள்ளே மூச்சு இருக்கும்வரை முதுகு ஒரே பலகை. எட்டில் அந்த மூச்சு இல்லை. தலைதான் முதலில் போகும்.

படம் எடுத்த அன்று கேமராவின் சிவப்புப் புள்ளி என்னையே பார்த்தது. ஆறு. ஏழு. கால் நகரவில்லை. எட்டில் விழுந்தேன். பிடிக்கிறவர்களில் ஒருவரை ஒல்லி என்று கூப்பிடுவோம், அவர்தான் என் தலைக்கும் தரைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்தார். அவருக்கு இரண்டு விரல் நசுங்கியது. எனக்கு மூன்று மாதம் கழுத்து திரும்பவில்லை. கேட்டவர்களிடம் தலையணை சரியில்லை என்றேன், உன் சித்தி பாவம் இரண்டு புதுத் தலையணை வாங்கி வந்தாள். அக்கா அந்தப் படத்தை ஒரே முறை பார்த்தார். என்னை மட்டும் தனியாக அழைத்து, "பயந்துட்டே. இருக்கட்டும், பயம் நல்லா தெரியுது. ஆனா இன்னொரு தடவ செய்யாதே" என்றார். நான் செய்யவில்லை. அடுத்த வருடம் அக்கா போய்விட்டார், ஒல்லியும் இப்போது இல்லை. படம் மட்டும் மிஞ்சியது.

இப்போது அதுதான் பாடம். அக்கா பெயரில் இருக்கிற அறக்கட்டளையின் செயலாளர் ஊர் ஊராகப் போய் எட்டில் விழுங்கள் என்று சொல்லித்தருகிறார். அந்த ஒரு கணத் தயக்கத்தில்தான் அக்காவின் மேதைமையே இருக்கிறது என்று ஒரு பேராசிரியர் புத்தகம் போட்டார். என் கால் நகராததற்கு நான்கு பக்கம். முதலில் சிரித்தேன். பிறகு இரண்டு வருடம் முன்பு எங்கோ எட்டில் விழுந்த ஒரு பெண் கழுத்துப் பட்டையோடு இருக்கிற படம் வந்தது. போன வருடம் இன்னொரு பெண். அவர்கள் சரியாகப் பழகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டு சோறு தின்றேன். அந்தப் படத்தில் இருப்பவள் என்பதைத் தவிர எனக்கு என்ன பெயர் இருக்கிறது பாப்பா. இப்போது நாற்காலியை உனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று காலை அப்பாவிடம் சொன்னேன், அன்று மேடை விளக்கைப் பார்த்துக்கொண்டவர் அவர்தானே. சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. "தெரியுமே. ஏழுல நான் வெளிச்சத்தக் கொறைக்கணும். நீ மரமாட்டம் நிக்கிற. கொறச்சா பிடிக்கிறவங்களுக்கு நீ எங்கேன்னே தெரியாது. வெளிச்சத்த ஒரு எண்ணிக்கை பிடிச்சு வெச்சேன்" என்றார். அதனால்தான் படத்தில் எல்லாம் திட்டமிட்டதுபோல இருக்கிறது. எங்கள் இருவரின் தப்பும் சேர்ந்து ஒரு அழகு ஆகிவிட்டது. இத்தனை வருடம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சண்டைக்குப் போனேன். "நீயே சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். பிறகு கத்தரி எங்கே என்று கேட்டார்.

எனக்கு இப்போது புதுப் பயம். இதைப் படித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நீ மட்டும் ஏழில் விழுந்துவிடுவாயோ என்று. பிடிக்கிறவர்கள் எட்டில்தான் வருவார்கள். முதலில் அவர்கள் இருவரிடமும் பேசு, முதுகில் கை வைத்து எண்ணச் சொல், மூன்று பேருக்கும் ஏழு ஒரே ஏழாக வந்த பிறகு ஏறு. உன் இயக்குநர் படத்தைக் காட்டினால், அது எங்கம்மா பயந்தது என்று சொல். என் மானத்தைப் பார்க்காதே. ஒத்துக்கொள்ளவில்லையென்றால் ஏறாதே, வாய்ப்பு போனால் போகட்டும்.

தரை உன் தலையை அறியாமல் நூறு மேடை காண்பாய். கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடத்தை மறக்காதே. படித்ததும் ஏழு என்று மட்டும் பதில் போடு.

இப்படிக்கு,
பயந்தவள்,
உன் அம்மா

பி.கு. இதை முடித்ததும் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனேன். அப்பா அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு கூட வந்தார். செயலாளர் பெருமையாகப் படத்தை ஓடவிட்டார். நிறுத்தச் சொல்லி, ஏழில் நகராமல் நிற்கிற என் கால்மேல் விரலை வைத்துக் காட்டினேன்.