பாப்பாவின் கால் அளவு

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? பாப்பா சடங்குக்கு நான் வரவில்லை என்று மனம் நோகாதே. தாய்மாமன் முன்னால் நின்று நடத்தினாரே, அது போதும்.

இங்கே ஒரு வேடிக்கை. வயதுக்கு வந்த மகளுக்கு அப்பா எல்லார் முன்னிலையிலும் மண்டியிட்டு முதல் ஹீல்ஸ் செருப்பை மாட்டிவிடுவது இந்த நாட்டு வழக்கம். பக்கத்துக் கடை வாட்ச் ரிப்பேர்காரர் தம் மகளுக்கு என்னிடம்தான் வாங்கினார். சபையில் மாட்டினால், கால் நுழையவில்லை!

"ஏன்யா, வீட்டுலயே இருக்கிற பொண்ணு கால் அளவு கூடவா தெரியாது?" என்று கேலி செய்தேன்.

"செருப்புக்கடை முதலாளி, உங்க பொண்ணுக்கு என்ன சைஸு? சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

கடைசியாக நான் பாப்பாவுக்கு மாட்டிவிட்டது, நடந்தால் கீச் கீச்சென்று சத்தம் போடுமே, அந்தச் செருப்பு.

அதனால் அவளை ஒரு தாளில் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து தபாலில் போடு. அளவுக்கு ஒரு கால் போதும். இருந்தாலும் இரண்டையும் வரை. போனில் படம் எடுத்து அனுப்பிவிடாதே. அவள் நின்ற தாளே வேண்டும்.

சரக்கு வண்டி வந்துவிட்டது, ஆரன் அடிக்கிறான். நிறுத்துகிறேன்.

உன் வீட்டுக்காரன்