பட்டினி போடாத இரண்டு தட்டுகள்

மாத்தளை
02.03.2025

அன்புள்ள ஷஸ்னாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இதை ஒரு கிழமை பிந்தி எழுதுகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை; நீயும் விண்ணப்பம் எழுத லீவில் வீட்டுக்குப் போய்விட்டாய். மகன் அம்ஹருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

நீ ஸ்கொலஷிப்புக்கு அனுப்பப்போகும் படம், நம் சோதனை முடிவின் வரைபடம், பிழை. பிழை என்னுடையது. லேப்பில் சிறுநீரகக் கலங்கள் வளர்ந்த நாலு தட்டையும் இரவு அவற்றின் தீனியான சீரம் இல்லாமல் பட்டினி போட வேண்டும் அல்லவா? இரண்டைச் சீரம் இல்லாத திரவத்துக்கு மாற்றி முடித்தபோது டே கெயாரிலிருந்து போன் கோல்: "மகனுக்கு மேல் கொதிக்குது, ஓடி வாங்க." மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். கொப்பியில் நாலுக்கும் 'பட்டினி' என்று முதலே எழுதியிருந்தேன். மறுநாள் நீ அழற்சிச் சமிக்ஞை கொடுத்தது சீரம் தின்ற அந்த இரண்டுக்குத்தான். கைனேஸ் நொதி மூன்று மடங்கு எழும்பியது அழற்சியாலா, சீரத்தாலா? யாராலும் சொல்ல முடியாது.

என்னை ஏசு. ஆனால் பதில் போடு.

ஹமீமா

அக்குறணை
07.03.2025

ஹமீமாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

மகன் சுகமானதுக்கு அல்ஹம்துலில்லாஹ்.

விண்ணப்பத்துக்கு இருபத்தைந்தாம் திகதி கடைசி நாள். அந்தப் படம் இல்லாமல் என்னிடம் காட்ட என்ன இருக்கிறது? "பிள்ளைக்காரியோட சேந்து வேல செய்யாத" என்று லேப்பில் றமீஸா சொன்னபோது உனக்காகச் சண்டை பிடித்தவள் நான். நாம் இரண்டு பேரும் வாய் மூடினால் யாருக்குத் தெரியப்போகுது, சொல்லு?

ஷஸ்னா

மாத்தளை
17.03.2025

ஷஸ்னாவுக்கு ஸலாம்.

றமீஸாவின் பேச்சு சுட்டது. சுடட்டும். மகனை மாமியிடம் விட்டு, லேப்புக்குப் போய் எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். கலங்களுக்கு இரவில் பட்டினி, எனக்குப் பகலில் நோன்பு, நல்ல கூட்டு! இந்த முறை நாலு தட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினேன். இரண்டு தரம் செய்தும் ஒரே விடைதான்: கைனேஸ் எழும்புகிறது, ஆனால் ஒன்றரை மடங்கு.

கொப்பியில் நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டேன். லேப்பை நடத்தும் மேடம் கேட்டால் உள்ளதைச் சொல்வேன். புதிய படம் இதோடு வருகிறது. பழையதைத்தான் அனுப்புவாய் என்றால் என் பெயரை எடுத்துவிடு.

உன் ஹமீமா

அக்குறணை
26.03.2025

ஹமீமாவுக்கு,

புதிய படத்தையே அனுப்பினேன். உன் பெயரும் இருக்கிறது. ஒன்றரை மடங்குக்கு யார் ஸ்கொலஷிப் தருவார்களோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

பெருநாளைக்கு வீட்டுக்கு வராதே. எனக்கு இன்னும் ஆறவில்லை. படத்துக்காக இல்லை. அன்று உனக்குக் கோல் வந்தபோது நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் மற்ற இரண்டையும் நான் மாற்றியிருப்பேன்.

ஷஸ்னா