ஏழு சீட்டு வண்டியில் என் இடம்

அக்கா,

சனிக்கிழமை காலை ஷோரூமில் இருந்தவர்கள்: உங்கள் வீட்டுக்காரர், அவர் தம்பியான என் வீட்டுக்காரர், எங்கள் மகள், நான், வண்டியைக் காட்டிய திருநெல்வேலிப் பெண். வீட்டுக்கு ஒரு பெரிய பொருள் பார்க்க நீங்கள் இல்லாமல் நாங்கள் போனது இதுதான் முதல் தடவை. வண்டிக்குள் சீட்டுகளின் பாலித்தீன் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அந்தப் புது வாசனை என் புடவையில் ஏறிக்கொண்டது. துவைத்துக் காயப்போட்டும் போகவில்லை. மடித்து வைக்கும்போது மறுபடி மூக்கில் பட்டது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி இந்த மாதம்தான் விற்பனைக்கு வந்திருக்கிறது. வேன் என்று சொல்கிறார்கள், பார்க்கக் கொஞ்சம் உயரமான கார் மாதிரிதான் இருக்கிறது. அதற்குள் மூன்று வரிசையில் ஏழு சீட்டு. நம் மாதிரிக் குடும்பங்களுக்கென்றே விலையைக் குறைத்து வைத்திருப்பதாக விளம்பரம். இங்கிலீஷில் கொடுத்த தாளை அகராதியை வைத்துக்கொண்டு முழுதாகப் படித்தேன். நீங்கள் இருந்திருந்தால் "ஆடிட்டரம்மா பரீட்சைக்குப் படிக்கிறாங்க, யாரும் பேசாதீங்க" என்று வீட்டையே அடக்கியிருப்பீர்கள். அதில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்றுதான் பார்த்தேன். பின் வரிசைக்குத் தனியாக ஏசி காற்று வராது. ஏழு சீட்டையும் நிமிர்த்தி வைத்தால் பின்னால் ஒரு மூட்டை அரிசி வைக்க இடம் கிடையாது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. உயரமாக இருப்பதால் மழைக்காலத்தில் படப்பை ரோட்டுத் தண்ணீரைத் தாண்டிவிடும்.

வீட்டில் நான்கு பேர்தான். மகளுக்கும் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, ஷிப்ட் முறை. அநேக நாள் மூன்று பேர்தான் கிளம்புவோம். அப்புறம் எதற்கு ஏழு சீட்டு என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். உங்களுக்குத் தெரியும்.

கம்பி வைத்த உங்கள் வீட்டுக்காரரின் இடது கால் இப்போதும் மடங்குவதில்லை. முன் சீட்டில் உட்கார்ந்தால் முட்டி இடிக்கிறது. பின் சீட்டில் காலை நீட்டிப் போட்டுத்தான் வர வேண்டும். தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு வாரம் தவறாமல் போக வேண்டியிருக்கிறது. ஷேர் ஆட்டோவில் இனி முடியாது. உங்கள் மகள் ஓசூரிலிருந்து போன் செய்கிறபோதெல்லாம் அப்பாவை அனுப்பிவிடுங்கள் என்கிறாள். அங்கே ஆஸ்பத்திரி பக்கம், வாசலில் கார். இவர் போக விருப்பமில்லாமல்தான் நாள் கடத்துகிறார். நீங்கள் இருந்த வீடு இது. இங்கே வண்டி சரிப்பட்டால் இருப்பார், சரிப்படாவிட்டால் போய்விடுவார். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் இதற்காகத்தான் சனிக்கிழமை எல்லோரும் கிளம்பினோம்.

நீங்கள் இருந்தவரை ஆட்டோவே போதுமானதாக இருந்தது. அவர் காலைத் தூக்கி உங்கள் மடியில் வைத்துக்கொள்வீர்கள். உங்களுக்கு அந்தப் பக்கம் நான். ஒருநாள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஒரு கம்பெனிப் பையன் ஏறி, "அக்கா, கொஞ்சம் நவுருங்க" என்றான். "நான் நவுந்தா காலும் நவுரும் தம்பி. இந்தக் காலு ஒரு ஆளு. அதுக்கும் சேத்து காசு குடுத்துக்கீறேன்" என்றீர்கள். பையன் காலைப் பார்த்து வணக்கம் வைத்தான். ஆட்டோவே சிரித்தது. உங்கள் வீட்டுக்காரர் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

பொருள் வாங்குவதில் உங்கள் முறையே தனி. பிரிட்ஜ் வாங்கப் போனபோது வீட்டிலிருந்து இட்லி மாவுத் தூக்கை எடுத்து வந்து, கடைக்காரர் லிட்டர் கணக்கு சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து உள்ளே வைத்துப் பார்த்தீர்கள். "லிட்டர் இருக்கட்டும்பா. தூக்கு நிக்கல பாரு." மூன்றாவது கடையில்தான் தூக்கு நின்றது. நானும் அந்த மாதிரி ஒன்று செய்தேன். உங்கள் வீட்டுக்காரர் மதியம் கண்ணயர்ந்திருந்தபோது, தையல் டேப்பைக் கொடுத்து மகளை அனுப்பி, இடுப்பிலிருந்து குதிகால்வரை அளக்கச் சொன்னேன். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று குறித்துக்கொண்டேன். அதே டேப்பை ஷோரூமில் சீட்டின் மேல் விரித்ததும் அந்தப் பெண், "அக்கா டெய்லரா?" என்று கேட்டாள்.

நடு வரிசையில் கால் சரியாக நீண்டது. தலைக்கும் இடம் இருந்தது. அவர் முகத்தில் ஒரு திருப்தி. அடுத்து நான் கடைசி வரிசையில் ஏற வேண்டும், அதுதான் நான் போட்டிருந்த கணக்கு. அதற்கு நடு வரிசை சீட்டை மடக்க வேண்டும். மடக்க அவர் இறங்க வேண்டும். இறங்கினார். நான் உள்ளே நுழைந்து முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் ஏறினார். ஆஸ்பத்திரியில் அம்மா முதலில் இறங்கிப்போய் டோக்கன் வாங்க வேண்டுமே, அதையும் பார்த்துவிடலாம் என்று மகள் சொன்னாள். மறுபடி அவர் இறங்கினார். இந்தத் தடவை கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதியில் ஒரு தடவை நின்றார். நெற்றியில் வியர்வை.

திருநெல்வேலிப் பெண் பொறுக்க மாட்டாமல் கேட்டாள். "ஏன்க்கா, நீங்க எதுக்கு அங்க போயி ஒடுங்குதீங்க? முன்னால டிரைவர் பக்கத்துல உக்காந்தா சோலி முடிஞ்சிச்சுல்லா. ஐயா பின்னால மொத்த சீட்டுலயும் காலை நீட்டிக்கிடட்டும். அதுக்கு அஞ்சு சீட்டு வண்டியே போதுமே."

என் வீட்டுக்காரர் டயரைப் பார்த்தார். மகள்தான் வாயைத் திறந்தாள். "எங்கம்மா பெரியப்பாவுக்கு முன்னாடி உக்கார மாட்டாங்க. அந்த மரியாதைக்குத்தான் ரெண்டு சீட்டு எக்ஸ்ட்ராவா வாங்குறோம்."

கேலியாகச் சொன்னாலும் சரியாகச் சொன்னாள். அவருக்கு நான் கொடுக்கிற மரியாதைக்காக, கால் மடங்காத மனுஷரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறக்கி ஏற்றப் பார்க்கிறேன். இத்தனை கணக்குப் பார்த்தவளுக்கு இது மட்டும் தட்டுப்படவே இல்லை.

அப்போது உங்கள் வீட்டுக்காரர் மகளிடம் சொன்னார். என்னிடம் நேராகப் பேசி வழக்கமில்லையே. முன்பு உங்கள் வழியாக வரும், இப்போது அவள் வழியாக. "உங்கம்மாவ முன்னாடி குந்தச் சொல்லு. எனக்கு ஒண்ணும் கொறஞ்சி பூடாது."

என் வீட்டுக்காரர் முன் கதவைத் திறந்து பிடித்தார். நான் போனேன் அக்கா. சீட்டில் கை வைத்தேன். உட்கார முடியவில்லை. பிடிவாதம் இல்லை. உடம்பு வளையவில்லை. அவர் கூடத்துக்கு வந்தால் எழுந்து எழுந்து பழகிய உடம்பு, அவர் பின்னால் இருக்கும்போது முன்னால் எப்படி உட்காரும்? கதவைப் பிடித்தபடியே நின்றேன். நின்றது அதிக நேரமில்லை. ஆனால் அவர் பார்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஓசூருக்கு அவரே போன் செய்தார். "ஞாயித்துக்கெழம வாம்மா. இவங்களுக்கு நம்மால ரொம்ப செரமம்." நான் சமையலறையில்தான் இருந்தேன். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மகளை விட்டுப் பதில் சொல்ல வைத்திருப்பேன். என் வீட்டுக்காரர், "அண்ணனே முடிவு பண்ணிட்டாரு, நான் இன்னா சொல்றது?" என்று ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த மறுநாள் நடந்ததை யோசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் இலை போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்படி வித்தியாசமெல்லாம் கிடையாது, நான் பாட்டுக்கு உங்கள் வீட்டுக்காரருக்கு எதிர் இலையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் வந்து என் கையைப் பிடித்து, யாருக்கும் தெரியாமல் எழுப்பிக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனீர்கள். "மச்சாண்டாரு எதிர்ல குந்தக் கூடாதும்மா. நம்ம வூட்டு வழக்கம்."

"எத்தனை நாளைக்குக்கா?" என்று கேட்டேன். வயது அப்படி.

நீங்கள் சிரித்துவிட்டு, "நான் சொல்ற வரிக்கும்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. பேச வேண்டிய தேவை வரவில்லை. எங்கே போனாலும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள் இருந்தீர்கள். நீங்கள் இல்லாத இத்தனை மாதமும் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் இரண்டு பேரும் நடக்கிறோம். அவர் காபி வேண்டுமென்றால் டம்ளரைத் தரையில் கொஞ்சம் சத்தமாக வைப்பார். நான் கொண்டுபோய்க் கதவோரம் வைத்துவிட்டு வருவேன். நான் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது சமையலோ பேச்சோ இல்லை. இந்த நிற்கிற பழக்கம்தான். அதை எங்கே இறக்கி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மன் கோவிலில் பூக் கேட்கலாம் என்று நேற்று கிளம்பினேன். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் பையில் வைத்தாகிவிட்டது. குளித்து, ஈரத் தலையோடு தெரு முனைவரை போனேன். வெள்ளை வந்தால் உட்காரலாம் என்று வைத்துக்கொள்வதா, கூடாது என்று வைத்துக்கொள்வதா என்று நினைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. இது அம்மன் போட்ட வழக்கம் இல்லை. அதை நீக்கச் சொல்லி அம்மனிடம் கேட்பது முறையில்லை. திரும்பி வந்து, இரண்டு பூவையும் உங்கள் படத்துக்கு வைத்துவிட்டேன்.

ஐந்து சீட்டு வண்டியை நாளைக்குச் சொன்னால்கூட ஒரு வாரத்தில் கொடுக்கிறேன் என்று அந்தப் பெண் போனில் சொன்னாள். நான் முன்னால் உட்கார்ந்து காட்டினால் அவர் இங்கேயே இருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லாமல் என்னால் முடியாது என்பதைச் சனிக்கிழமை பார்த்துவிட்டேன்.

அக்கா, நான் உட்காரலாமா? உங்கள் மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அதற்கு முன்னால் ஒரு பதில் சொல்லுங்கள்.