அளியனின் அடக்கம்

மிதுனம் 24, செவ்வாய்

விடாத மழை. டிஸ்பென்சரியில் ஆள் குறைவு. இருமல் மருந்து கலக்கி வைத்தேன். புட்டிகளுக்குத் தக்கை போதவில்லை, வாங்க வேண்டும்.

மத்தியானத்துக்கு மேல் போராட்டக் கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். நெய்யாற்று வெள்ளத்தில் ஒரு ஆண் பிணம் வந்து பாறையில் தட்டி நிற்கிறதாம். முகம் அடிபட்டுச் சிதைந்து போயிற்று. யாரென்று தெரியவில்லை. போலீசுக்கு இன்னும் தகவல் போகவில்லை.

"தாசையண்ணனுக்க உயரம் உண்டு, கம்பவுண்டர் சாரே" என்றான் ஒருவன். மாட்டுச் சந்தையில் பேசுகிற குரல்.

தாசையன் என் தங்கை ஞானப்பூவின் புருஷன், எனக்கு அளியன். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்கிற போராட்டத்தில் இந்தப் பகுதிக்குத் தலைவன். பிடிவாரண்டு இருக்கிறது. அம்பூரி மலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒளிந்திருக்கிறான். அவனைத் தேடிப் போலீஸ் வீடு வீடாகப் புகுந்து கண்டவனையெல்லாம் அடிக்கிறது.

மழை தொடங்கியதுமே யோசனை சொல்லி அனுப்பியிருக்கிறான். ஆற்றில் ஏதாவது பிணம் வந்தால் அது தாசையன் ஆகிவிட வேண்டும். செத்தவனை யாரும் தேட மாட்டார்கள். அதற்காக ஆள் போட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பிணத்துக்கு உடுப்பு மாற்றக் கூசாத கை வேண்டும். அதாவது நான்.

ஞானப்பூவிடம் சொல்லலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம்னு அண்ணன் கண்டிப்பாச் சொல்லியாச்சு. அவங்களுக்குத் தெரிஞ்சா மொகத்திலே தெரிஞ்சு போவும். அழுகை அசலா இருக்கணுமாம்."

அசலாக. மறுத்திருக்க வேண்டும். தலையை ஆட்டினேன்.

மிதுனம் 25, புதன்

மருந்துச் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவியும் நாற்றம் போகவில்லை. சோற்றைப் பிசைய முடியவில்லை, கஞ்சியாக்கிக் கரண்டியால் குடித்தேன்.

பிணத்துக்குப் போட்டது: தாசையன் மலையிலிருந்து கொடுத்தனுப்பிய கதர்ச் சட்டை, காலருக்கு அடியில் ஞானப்பூ போட்ட ஒட்டுத் தையலோடு. அவன் வேட்டி. ஊதிப்போன கை சட்டைக்குள் ஏறவில்லை. முதுகுப்பக்கம் கிழித்துப் போட்டேன், பாறையில் கிழிந்ததாக இருக்கட்டும். செருப்பும் ஏறவில்லை. ஒன்றைக் கரையில் எறிந்தோம்.

பாக்கெட்டில் கமிட்டி நோட்டீஸ், மூக்குப்பொடி டப்பி, பாறசாலை பஸ் டிக்கெட். இன்னொன்றும் அளியன் சொல்லி விட்டிருந்தான். "பெஞ்சாதிக்கு ஏதாவது வாங்கி வச்சிருங்கோ. வீட்டுக்குப் போற வழியிலே செத்தான்னு தோணணும்." என்ன வாங்குவது என்று சொல்லவில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்? கல்யாணம் ஆனது முதல் அவளுக்கு ஒரு கொண்டை ஊசி வாங்கிக் கொடுத்தவன் இல்லை.

கடைக்குப் போய்ச் சின்ன பவுடர் டப்பா ஒன்று வாங்கினேன். தாழம்பூ வாசனை. பாவாடை கட்டின காலத்திலிருந்தே அவளுக்குத் தாழம்பூ என்றால் உயிர். வேட்டி மடியில் வைத்து இறுக்கிக் கட்டினேன்.

இதையெல்லாம் கவனமாகத்தான் செய்தேன்.

மிதுனம் 26, வியாழன்

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் மூக்கில் கைக்குட்டை. "ஆளு இவன் தன்னெயோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவருக்குச் சந்தேகம் இருந்தது. முகமில்லாத பிணம், யாருக்குத்தான் இருக்காது?

மடியை அவிழ்த்தபோது டப்பா உருண்டது. அவரே குனிந்து எடுத்தார். மூடியைத் துடைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "பாவம். வீட்டிலேக்கு வாங்ஙியதாணு." அதற்குப் பிறகு கேள்வி இல்லை. உடலை வீட்டாரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

அந்த மனிதனுக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அதை வைத்துத்தான் அவரை ஏமாற்றினோம். கமிட்டிக்காரன் "ஜெயிச்சாச்சு சாரே" என்று என் தோளில் கை போட்டான். கையை எடுத்துவிட்டேன்.

ஞானப்பூ முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முகமும் இல்லை. காலரைத் திருப்பித் தன் தையலைப் பார்த்தாள். பிறகு அவளிடமிருந்து வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அசலாகத்தான் இருந்தது.

மிதுனம் 27, வெள்ளி

அடக்கம். மழையிலும் கூட்டம். நெய்யாற்றின்கரை வக்கீல்கள்கூட வந்திருந்தார்கள்.

பெட்டிக்குள் கிடப்பவன் எந்த ஊர், எந்த வேதம் என்று எனக்குத் தெரியாது. போதகர் அவனைச் சின்ன வயது முதல் தெரிந்தவர் போலப் பேசினார். ஒரு வக்கீல், தமிழுக்கு ரத்தம் சிந்தியவன் என்றார். பாவி, தண்ணீர் குடித்துச் செத்தவன்.

பெட்டியை மூடுகிற நேரத்தில் ஞானப்பூ தாலியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டாள். தடுக்கக் கையை நீட்டினேன். எதற்காக என்று சொல்வேன்? நீட்டின கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். கூட்டத்தில் ஒரு பெண், "எவ்வளவு பாசமுள்ள ஆங்களை, கூடப்பொறந்தவன்னா இப்படி இருக்கணும்" என்றாள்.

கர்க்கடகம் 1, வியாழன்

டாக்டரிடம் வயிற்றுவலி என்று லீவு. வெள்ளறடை வரை பஸ், அப்புறம் நடை. காலெல்லாம் அட்டை.

ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைப்புரைக்குப் பின்னால் அளியன் இருக்கிறான். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். தட்டில் சாளை மீன் பொரித்தது, மரச்சீனிக் கிழங்கு.

"அளியா, ஆளு எவ்வளவு வந்துது?"

"கோயில் நெறஞ்சு வெளியிலேயும் நின்னுது."

"வக்கீலுமாரு?"

"வந்தாவ."

"யாரு பேசினது? என்ன சொன்னான்?"

சொன்னேன். "அவ்வளவுதானா? நான் ஜெயிலுக்குப் போனதைச் சொல்லல்லியா?" முகம் வாடிவிட்டது.

ஞானப்பூவைப் பற்றி நானாகத்தான் எடுத்தேன். சரியாகச் சாப்பிடுவதில்லை, தாலியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள் என்றேன்.

"போவட்டும், வேற ஒண்ணு வாங்கலாம். நல்லா அழுதாளா?"

"அழுதா."

"அதாக்கும் வேணும்." மீன்முள்ளை உறிஞ்சிக் கீழே போட்டான்.

செவிட்டில் ஒன்று கொடுக்கலாம் என்று வந்தது. கொண்டுபோன பீடிக்கட்டைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

கர்க்கடகம் 4, ஞாயிறு

கோயில் ஆராதனை முடிந்து ஞானப்பூ வீடு. வெள்ளைப் புடவை. கடுங்காப்பி மட்டும்தான் இறங்குகிறதாம். தோள் எலும்பு தெரிகிறது. பவுடர் டப்பா பைபிள் பக்கத்தில் இருக்கிறது, திறக்கவில்லை. துக்கம் கேட்க வருகிற பெண்களிடம் எடுத்துக் காட்டுகிறாள்.

"தாழம்பூன்னு அவருக்கு எப்படி அண்ணா தெரிஞ்சுது? நான் ஒருநாளும் சொன்னதில்லியே. ஒரு வார்த்தை மிண்டாத மனுசன். என்னெ வெறுத்துப்போட்டாருன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவள் புருஷன்மேல் இப்போதுதான் ஆசை வைத்திருக்கிறாள், நான் கடையில் வாங்கி வைத்த புருஷன்மேல். இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் பட்டினி கிடந்தால் நிஜமாகவே ஒரு அடக்கம் நடக்கும். சொல்லியாக வேண்டும்.

கர்க்கடகம் 7, புதன்

ஊர்களிலிருந்து ரிசர்வ் போலீஸை எடுத்துவிட்டார்கள். ஓடிப்போன ஆண்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பிணத்தால் நடந்த நன்மை. நம் போராட்டமும் நியாயமானதுதான். இரண்டையும் தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், மனசு ஆறவில்லை.

அம்பூரியிலிருந்து ஆள் வந்தது. இனிப் பயமில்லை, ஞானப்பூவைக் கூட்டிக்கொண்டு வா என்கிறான் அளியன். சமைக்க ஆளில்லை, மாற்றி உடுக்கத் துணியும் இல்லையாம். "மெதுவாச் சொல்லணும், சந்தோசத்திலே கூவிப்போடுவா" என்று சொல்லச் சொன்னானாம்.

தக்கை வாங்கியாயிற்று. சின்ன அளவு, பொருந்தவில்லை.

கர்க்கடகம் 10, சனி

மழை விட்டது. சொல்லிவிட்டேன்.

அடுக்களையில் கிழங்கு அரிந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்: ஆறு, சட்டை, அம்பூரி, அங்கே சமைக்க ஆளில்லை, உடுக்க மாற்றுத்துணி இல்லை.

"நீ கண்ணாலே பாத்தியா?"

"பாத்தேன், மக்கா."

கையிலிருந்த கிழங்கை அரிந்து முடித்து, "டப்பா?"

"நான்தான்."

"அதான் தாழம்பூ" என்றாள். கத்தியைக் கழுவி வைத்தாள். என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

"அப்போ அங்கே கெடக்கது யாரு?"

"தெரியாது."

"அவனுக்கும் ஒருத்தி இருப்பா, ஆத்தங்கரையிலே தேடிட்டு. நான் அழுதது அவளுக்க அழுகையாக்கும்."

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு வருகிறேன், கிளம்பி நில் என்றேன். கிழங்கை அவித்து, எனக்கு ஒரு தட்டு வைத்து, தனக்கும் ஒரு தட்டு வைத்துச் சாப்பிட்டாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் சாப்பிட்டு நான் பார்த்தது இன்றுதான்.

கர்க்கடகம் 12, திங்கள்

முதல் பஸ்ஸுக்கு முன்பே அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றாள், அதே வெள்ளைப் புடவை. தலை சீவியிருந்தாள். கையில் பெரிய துணிமூட்டை. கிளம்பிவிட்டாள் என்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

மூட்டையை என் கையில் வைத்தாள். தாசையனின் சட்டைகள், வேட்டிகள், ஒரு துண்டு, எல்லாம் துவைத்து மடித்தது.

"செத்தவருக்க உடுப்பு. வீட்டிலே வச்சிருக்கக் கூடாது. ஏழைக்குக் குடுக்கணும்."

"ஞானப்பூ, அளியன் அங்கே..."

"அம்பூரியிலே மாத்தி உடுக்க ஒண்ணும் இல்லாத ஒரு ஆளு உண்டும்னு சொன்னியே அண்ணா. அவனுக்குக் குடு."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெள்ளறடைக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன்.